நகைக்கடன் மோசடி வழக்கில் என் பெயரும் இருக்கிறது; உயர்நீதிமன்றம் ரத்து செய்யுமா?

தென்மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் உதவி மேலாளராக இருப்பவர் எழுதியிருக்கிறார். வயது 56. ஊர், பெயர், கிளை ஆகியவற்றைத் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2023இல் அந்தக் கிளையில் கொடுத்த 14 நகைக்கடன்களில் அடகு வைத்தவை கவரிங் நகைகள் என்று அடுத்த ஆண்டு நடந்த மறுமதிப்பீட்டில் தெரியவந்தது. தொகை ஏறக்குறைய 38 லட்சம் ரூபாய். மண்டல அலுவலகம் புகார் கொடுக்க, மாவட்டக் குற்றப்பிரிவு 2025இல் எஃப்.ஐ.ஆர். போட்டது. நகை மதிப்பீட்டாளர் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), கிளை மேலாளர் இரண்டாம் எதிரி, இவர் மூன்றாம் எதிரி. இந்திய தண்டனைச் சட்டம் 409 (நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்), 120பி (கூட்டுச்சதி) பிரிவுகள். 14 கடன்களில் ஐந்து இவருடைய ஐடியில் அனுமதிக்கப்பட்டவை. அந்த ஐந்தில் ஒன்று இவர் விடுப்பில் இருந்த நாளில் நடந்தது. நகைப் பாக்கெட்டுகளில் கூட்டுப் பொறுப்பாளர் என்று இவர் கையெழுத்து இருக்கிறது. போலீஸ் நோட்டீஸ் கொடுத்து இரண்டு முறை விசாரித்திருக்கிறார்கள். கைது இல்லை, குற்றப்பத்திரிகையும் இன்னும் தாக்கலாகவில்லை.

இதற்கிடையில் துறை விசாரணை முடிந்துவிட்டது. மதிப்பீட்டாளருடன் கூட்டுச் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, கவனக்குறைவு மட்டும் நிரூபணமானது என்று அறிக்கை. தண்டனை, இன்கிரிமென்ட் குறைப்பு. அந்த உத்தரவு கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மேலாளர் வற்புறுத்தியதால் பி.எஃப். கடன் போட்டு 2 லட்சம் ரூபாயை இவரே வங்கியில் கட்டியிருக்கிறார். மீதியில் பெரும்பகுதி மதிப்பீட்டாளரிடமிருந்து வசூலாகிவிட்டது.

"வங்கியே என்னை விட்டுவிட்டது, பணமும் வந்துவிட்டது. அரசு அனுமதி வாங்காமல் போட்ட வழக்கு வேறு. குவாஷ் மனு போட்டால் கைதும் நின்றுவிடும், வழக்கும் முடிந்துவிடும் என்கிறார்கள். போடலாமா? வீட்டில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிட்டு வா என்கிறார்கள்." இதுதான் கேள்வி. கடிதத்தின் கடைசியில், சும்மா ஒரு தகவல் மாதிரி, "அந்த அப்ரைசர் எனக்கு ஜிபேயில் 15 ஆயிரம் அனுப்பியிருக்கிறார், அது கைமாற்று, வேறொன்றும் இல்லை" என்று ஒரு வரி. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

மனு போடலாம். உங்கள் வழக்கில் அதற்கு நியாயமான வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் நான்கு காரணங்களில் மூன்று உங்களுக்கு உதவாது. நான்காவது உதவும், நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல.

முதலில் குவாஷ் மனு, அதாவது வழக்கை ரத்து செய்யக் கோரி உயர்நீதிமன்றத்தில் போடும் மனு, என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அங்கே போய் "நான் தப்பு செய்யவில்லை" என்று நிரூபிக்க முடியாது. அது விசாரணை நீதிமன்றத்தின் வேலை. உயர்நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு: புகாரில் சொன்னதெல்லாம் அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இந்த ஆள் மீது ஒரு குற்றம் உருவாகிறதா? உருவாகவில்லை என்றால்தான் ரத்து. ஹரியானா அரசுக்கும் பஜன் லாலுக்கும் இடையிலான வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் ஏழு வகைச் சூழ்நிலைகளை எடுத்துக்காட்டாகச் சொன்னது. இன்றுவரை எந்த குவாஷ் மனுவும் அதைத் தொடாமல் போவதில்லை. உங்களுக்குப் பொருந்தக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, புகாரின் வாசகத்திலேயே குற்றத்தின் கூறுகள் இல்லாதது. இன்னொன்று, போலீஸ் திரட்டிய சாட்சியங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாதது. "மேலாளருக்கு என்மேல் பழைய பகை" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உள்நோக்கத்தோடு போட்ட வழக்கும் அந்த ஏழில் ஒன்றுதான். ஆனால் புகார் கொடுத்தது மண்டல அலுவலகம், மேலாளரே உங்களோடு எதிரியாக நிற்கிறார். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு எண் குழப்பம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யும் இந்த அதிகாரம் 482ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 528. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன்! "ஃபோர் எய்ட்டி டூ போடுங்கள்" என்று யாராவது சொன்னால், எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் எஃப்.ஐ.ஆரில் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகள் இருப்பது பிழை இல்லை. சம்பவம் 2023இல் நடந்ததால் குற்றத்துக்குப் பழைய சட்டம். வழக்குப் பதிந்தது 2025இல் என்பதால் நடைமுறைக்குப் புதிய சட்டம். இதை வைத்து வழக்கை உடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரசு அனுமதி என்ற கேடயம்

பொது ஊழியர்மீது அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்கக் கூடாது என்ற பாதுகாப்பு பழைய சட்டத்தின் 197ஆவது பிரிவில் இருந்தது, இப்போது 218. நீங்கள் பொது ஊழியர்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு, அரசின் ஒப்புதல் இல்லாமல் பதவி நீக்க முடியாதவர்களுக்கு மட்டும். உங்களை நீக்கும் அதிகாரம் உங்கள் வங்கியிடமே இருக்கிறது. தேசியமயமாக்கப்பட்ட வங்கி மேலாளருக்கு 197 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது, 2023இல் ஸ்டேட் வங்கி அதிகாரி ஒருவரின் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. இந்தக் கதவு மூடியாகிவிட்டது.

ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்த்தால் நிலைமை மாறும். அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவில், உங்களைப் பதவி நீக்க அதிகாரம் உள்ளவரின் அனுமதி தேவை. வங்கிக்குள்ளேயே அந்த முடிவு எடுக்கப்படும். உங்கள் எஃப்.ஐ.ஆரில் இப்போதைக்கு அது இல்லை. குற்றப்பத்திரிகை வந்ததும் அதில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தனியார் வங்கியில் வேலை செய்வோர் "எங்களுக்கு இதெல்லாம் வராது" என்று நினைத்துவிட வேண்டாம். தனியார் வங்கியின் தலைவரும் நிர்வாக இயக்குநரும்கூட ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்களே என்று 2016இல் தீர்ப்பு வந்துவிட்டது.

பணம் வந்துவிட்டதே

வங்கி "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தபின் அது அரசின் வழக்கு. புகார்தாரர் நினைத்தால் வாபஸ் வாங்க முடியாது. 409 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமும் இல்லை. சமரசத்தின் பேரில் ரத்து செய்யும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2017இல் அதே நீதிமன்றம், நிதி அமைப்பைப் பாதிக்கும் பொருளாதாரக் குற்றங்களை இரண்டு பேருக்கு இடையிலான தகராறு போலப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்தது. கடன் வாங்கிய நிறுவனங்கள் வங்கியோடு தீர்வு செய்துகொண்டபின் வழக்கு ரத்தான தீர்ப்புகளும் இருக்கின்றன, மறுத்த தீர்ப்புகளும் இருக்கின்றன. இதையே நம்பி மனுப் போடச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு இதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. சமரசம் என்று பேசினால், நீங்கள் எதையோ எடுத்து, அதைத் திருப்பிக் கொடுத்தது போல ஆகிவிடும். நீங்கள் கட்டிய 2 லட்சமும் அப்படித்தான் வாசிக்கப்படும். பணம் கட்டும்போது வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதில் என்ன வாசகம் என்று எழுதவில்லை. "தவறு நடந்துவிட்டது, என் பங்கைக் கட்டுகிறேன்" என்ற மாதிரி இருந்தால், அரசுத் தரப்பு முதலில் எடுத்து வைக்கும் காகிதம் அதுதான். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தத் தடை கிடையாது. அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுங்கள். "விசாரணை முடிவுக்குக் கட்டுப்பட்டு, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி இருந்தால்கூட நிலைமை வேறு. இனிமேல் இன்னொரு ரூபாய் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

துறை விசாரணை: உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு

இதுதான் உதவும் என்று சொன்ன நான்காவது காரணம். "வங்கி விட்டுவிட்டது, வழக்கும் தானாக விழும்" என்பது தவறு. துறை விசாரணையில் விடுபட்டதாலேயே குற்ற வழக்கு ரத்தாகாது என்று 2012இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு தீர்ப்பு ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. அதே குற்றச்சாட்டை அதே ஆதாரங்களோடு துறையில் விசாரித்து, "இது நடக்கவே இல்லை" என்று தகுதியின் அடிப்படையில் முடிவு வந்திருந்தால், அதைவிடக் கடுமையான நிரூபணம் கேட்கும் குற்ற வழக்கைத் தொடர்வதில் அர்த்தம் இல்லை. நோட்டீஸ் சரியில்லை, சாட்சி வரவில்லை என்ற தொழில்நுட்பக் காரணத்தால் விடுபட்டிருந்தால் இது பொருந்தாது. 2020இல் சிட்பி (இந்திய சிறுதொழில் வளர்ச்சி வங்கி) அதிகாரி ஒருவரை உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது இந்த வழியில்தான். அவர்மீது குற்ற நோக்கம் தெரியவில்லை என்று மத்திய விஜிலன்ஸ் ஆணையம் சொல்லியிருந்தது.

ஆகவே உங்கள் விசாரணை அறிக்கையை எடுத்து, கூட்டுச் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு அடியில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். "மதிப்பீட்டாளரின் சான்றிதழை நம்பி, வழக்கமான நடைமுறைப்படி கடனை அனுமதித்தார், ஆதாயம் பெற்றதற்கு ஆதாரம் இல்லை" என்ற பொருளில் இருந்தால் அது தங்கம். "சாட்சிகள் ஆஜராகாததால் நிரூபணமாகவில்லை" என்றால் அதன் எடை வெகுவாகக் குறையும்.

கவனக்குறைவு நிரூபணமானது உங்களுக்கு வருத்தம் தரலாம். குற்ற வழக்கில் அதுவே உங்களுக்கு ஒரு வாதம். 409 என்பது நம்பிக்கை மோசடி. ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்ளவோ, பிறர் அப்படிச் செய்யத் தெரிந்தே இடம் கொடுக்கவோ வேண்டும். உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பது மதிப்பீட்டாளரின் வேலை. அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டபின் அதிகாரி எடையையும் வாடிக்கையாளர் விவரத்தையும் சரிபார்த்து, பாக்கெட்டை சீல் வைத்துப் பெட்டகத்தில் வைக்கிறார். இந்த ஓட்டத்தில் ஏமாந்தவருக்கும் ஏமாற்றியவருக்கும் இடையிலான வித்தியாசம் எண்ணம்தான். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பாட்னாவைச் சேர்ந்த ஒரு வழக்கை ரத்து செய்தது. வருமான வரித்துறை ஒருவரின் கணக்குகளையும் லாக்கரையும் முடக்கி, பிறகு கணக்குகளை மட்டும் விடுவித்தது. வங்கி ஊழியர்கள் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு லாக்கரையும் திறக்க விட்டுவிட்டார்கள். குற்ற எண்ணம் இல்லாத தவறுக்காகக் குற்ற வழக்கு நடத்த முடியாது என்று முடிந்தது. உங்கள் மனுவில் முன்னால் வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

409ஐயும் 420ஐயும் ஒரே சம்பவத்துக்குச் சேர்த்துப் போட்டிருப்பதையும் கேள்வி கேட்கலாம். ஏமாற்றுதலில் ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் வேண்டும், நம்பிக்கை மோசடியில் முதலில் முறையாக ஒப்படைப்பு நடந்திருக்க வேண்டும். ஒரே விஷயம் இரண்டாகவும் இருக்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் போலீசைக் கடிந்துகொண்டது. துணை வாதமாக இது நன்றாக இருக்கும். தனியாக நின்று வழக்கைச் சாய்க்காது.

அந்த 15 ஆயிரம்

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்த வழக்கின் திசையைத் தீர்மானிக்கப்போவது அதுதான். முதல் எதிரியிடமிருந்து மூன்றாம் எதிரிக்குப் பணம் போயிருக்கிறது என்று குற்றப்பத்திரிகையில் வந்தால், "ஆதாயம் இல்லை, எண்ணம் இல்லை" என்ற வாதத்தின் அடித்தளமே ஆடும். கைமாற்று என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் விளக்கம். விளக்கத்தை உயர்நீதிமன்றம் குவாஷ் மனுவில் எடைபோடாது. "விசாரணையில் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடும்.

யாரும் மறுக்க முடியாத ஆவணம் இருந்தால் கதை வேறு. 2013இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு அளவுகோல் வைத்தது. எதிரி காட்டும் ஆவணம் ஐயத்துக்கு இடமில்லாததாகவும், குற்றச்சாட்டை அடியோடு சாய்ப்பதாகவும், அரசுத் தரப்பால் மறுக்க முடியாததாகவும் இருந்தால் அதைப் பார்க்கலாம். உங்கள் கணக்கிலிருந்து அவருக்கு 15 ஆயிரம் முன்பே போயிருந்து, அது திரும்ப வந்த தேதி இந்தக் கடன்களுக்கு முந்தையதாக இருந்தால், வங்கி ஸ்டேட்மென்டே பேசும். ரொக்கமாகக் கொடுத்தேன், ஜிபேயில் வந்தது என்றால் கஷ்டம். முதலில் தேதிகளைப் பாருங்கள். ஜிபேயில் இருக்கும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். வங்கியில் அது அப்படியே இருக்கும், அழித்தது மட்டும் உங்கள் கணக்கில் ஏறும். அவரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கலாம் என்றும் போகாதீர்கள்.

விடுப்பு நாளில் உங்கள் ஐடியில் கடன் அனுமதியான விஷயமும் இதே மாதிரிதான். விடுப்புப் பதிவேடு வங்கியின் ஆவணம், நல்ல ஆவணம். ஆனால் "பாஸ்வேர்டு கிளையில் எல்லோருக்கும் தெரியும், ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தோம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மனுவில் போட்டால், பாதி கிளைகளில் நடக்கும் உண்மை என்றாலும், விதியை மீறியதை ஒப்புக்கொண்டதாகும். அந்த நாளில் எந்த டெர்மினலில் இருந்து லாகின் ஆனது என்ற பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். சிசிடிவி பெரும்பாலும் போயிருக்கும். லாகின் பதிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது போடுவது?

மனுப் போட்டாலே கைது நிற்கும் என்பது பழைய பழக்கத்தில் சொல்வது. விசாரணை நடக்கும்போது "கடும் நடவடிக்கை கூடாது" என்று போகிறபோக்கில் உத்தரவு போடக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கைது பயம் இருந்தால் அதற்கான வழி முன்ஜாமீன். 409க்கு ஆயுள் தண்டனைவரை இடம் இருப்பதால், ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடைக்கும் கைது விலக்கை நம்பியிருக்க வேண்டாம். நோட்டீசுக்கு இரண்டு முறை ஆஜரானது உங்கள் பக்கம் நிற்கும். மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்விலோ முன்ஜாமீன் மனுச் செய்யுங்கள்.

ரத்து மனுவை, என்னைக் கேட்டால், குற்றப்பத்திரிகை வந்தபின் போடுவேன். எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் "விசாரணை ஆரம்ப நிலையில் இருக்கிறது" என்ற ஒரே வரியில் தள்ளுபடி ஆவதை வாரா வாரம் பார்க்கிறோம். உடனே போடு என்று அவசரப்படுத்துவோர் பெரும்பாலும் அதற்குக் கட்டணம் வாங்கும் எங்கள் தொழில்காரர்கள்தான். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் குவாஷ் போட முடியாது என்பதும் தவறு. 2018இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. மற்ற இருவர் மீது வழக்கு நடக்க, உங்கள்மீது மட்டும் ரத்து செய்யவும் முடியும். போலீஸ் அந்த 15 ஆயிரத்தை எப்படிப் பார்க்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

குவாஷ் கிடைக்காவிட்டால் விசாரணை நீதிமன்றத்திலேயே விடுவிப்பு மனு உண்டு. புதிய சட்டத்தின் 262ஆவது பிரிவில் அதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறார்கள்: ஆவண நகல்கள் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். குவாஷ் மனு நிலுவையில் இருக்கிறது என்று இதைத் தவறவிடாதீர்கள்.

வேலை விஷயம்

வி.ஆர்.எஸ். வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வங்கி ஏற்பது சந்தேகம். கோபத்தில் ராஜினாமா எழுதிவிட்டால் வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிகள் 1995இன்படி இத்தனை ஆண்டு சர்வீசும் பென்ஷன் கணக்கில் வராமல் போகும். வீட்டில் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

தண்டனை உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் அதிகாரிகளுக்கான ஒழுங்கு விதிகளில் 45 நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது. இன்கிரிமென்டுக்காக மேல்முறையீடு செய்வதா என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் நாளை அரசு வழக்கறிஞர் வாசிப்பார். மேல்முறையீட்டு அதிகாரி அறிக்கையை மறுபடி கிளறி, உங்களுக்குச் சாதகமான முடிவைக் கலைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. செய்வதானால் தண்டனையின் அளவைப் பற்றி மட்டும் எழுதுங்கள், நகைகளைப் பற்றியும் மதிப்பீட்டாளரைப் பற்றியும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.